தமிழ் தெரிஞ்சவங்க கன்னடம் கத்துக்கறது எப்படி: பெங்களூர்ல இருந்துக்கிட்டே ஒரு முழு வழிகாட்டி

நான் திண்டுக்கல் பக்கம், இப்ப பெங்களூர் பீன்யால ஒரு பேக்கிங் கம்பெனில கணக்கு பாக்கறேன், இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இதுல மொத நாலு வருஷம் நான் பேசின கன்னடம் மொத்தமே மூணு வார்த்தை தான், கொத்தில்ல (தெரியாது), பேடா (வேண்டாம்), எஷ்டு (எவ்ளோ). அதுக்கப்புறம் ஒரு நாள் தெரு முனை டைலர்கிட்ட குடுத்த பேன்ட்டை வாங்கப் போனேன். அவர் மெஷின்ல இருந்து தலைய தூக்காம "முந்தின வார பன்னி ஸார்"ன்னார். பன்னின்னா வாங்கன்னு அர்த்தம்ங்கறது அதுக்குள்ள தெரியும், ஆனா முந்தின வாரமா? முந்தின வாரம் நான் எப்படி வர்றது, நீங்க குடுத்த தேதியே இன்னிக்கு தானேன்னு நான் தமிழ்ல சத்தம் போட, அவரும் சத்தம் போட, கடைசில அவரே சலிச்சுப் போய் நல்ல தமிழ்ல "அடுத்த வாரம் வாங்கன்னு தான சொன்னேன்"னார். கன்னடத்துல முந்தின வார-ன்னா அடுத்த வாரமாம்.

அன்னிக்கு ரெண்டு விஷயம் புரிஞ்சுது. ஒண்ணு, கன்னடம் நமக்கு பாதி தெரிஞ்ச மொழி, அந்த பாதி தான் காலை வாரி விடும். ரெண்டு, இந்த ஊர்ல எல்லாருக்கும் தமிழ் தெரியும், அதனால தான் நமக்கு கன்னடம் வர மாட்டேங்குது. இந்த ரெண்டையும் வச்சு தான் கீழ இருக்கறதை எழுதறேன். நான் வாத்தியார் இல்ல, தட்டுத் தடுமாறி கத்துக்கிட்டவன், அதனால என் வரிசை புத்தக வரிசை மாதிரி இருக்காது.

இன்னொண்ணு, தமிழ் எழுத்துல கன்னடம் எழுதறதால க, ட, த, ப எல்லாம் ரெண்டு விதமா படிக்கலாம், முக்கியமான இடத்துல மட்டும் எந்த சத்தம்னு சொல்லிடறேன். கடைசில எ போட்டா அது குறில், இழுக்காதீங்க.

முதல் படி: புத்தகத்தை மூடிட்டு சத்தத்தை பிடிங்க

பஸ் ஸ்டாண்ட்ல விக்கற முப்பது நாள் புத்தகம் நானும் வாங்கினேன். ஹாலு என்றால் பால், ஹூவு என்றால் பூ, ஹுலி என்றால் புலின்னு வரிசையா மனப்பாடம் பண்ணச் சொல்லுது, ஆனா இந்த மூணுக்கும் பின்னாடி ஒரே ஒரு விதி இருக்குங்கறதை எங்கயும் சொல்லல. ஆரம்பத்துல வர்ற ப அங்க ஹ ஆயிடும், அவ்ளோ தான். பத்து ஹத்து, பல் ஹல்லு, பாம்பு ஹாவு, புல் ஹுல்லு, புளி ஹுளி, பழைய ஹளெய, பெயர் ஹெஸரு, போ ஹோகு, பாடு ஹாடு, பன்றி ஹந்தி. (அதனால பன்னின்னு கூப்பிட்டா கோவப்படாதீங்க, நிஜப் பன்னிக்கு அங்க பேரே வேற.) பழைய கன்னடத்துலயும் ப தான் இருந்துச்சு, ஹாசன் மாவட்டத்துல கிடைச்ச ஹல்மிடி கல்வெட்டு ஏறக்குறைய 450ஆம் வருஷத்தோடதுன்னு சொல்வாங்க, அந்த காலத்துக்கெல்லாம் பின்னாடி, 10ல இருந்து 14ஆம் நூற்றாண்டுக்குள்ள தான் இந்த ப மெல்ல ஹ ஆச்சு. நடுவுல இரட்டிச்சு வர்ற ப்ப மாறாது, உப்பு உப்பு தான், தப்பு தப்பு தான். புஸ்தக, பூஜெ மாதிரி சமஸ்கிருதத்துல இருந்து வந்ததும் மாறாது.

அடுத்தது வ. ஆரம்பத்துல வ வந்தா அங்க ப ஆயிடும், பாபுங்கற பேர்ல வர்ற ப. வா பா, விடு பிடு, வில் பில்லு, வேலி பேலி, வெள்ளி பெள்ளி, வெண்ணெய் பெண்ணெ, வெல்லம் பெல்ல, விரல் பெரளு, வேணும் பேகு, வேண்டாம் பேட. இந்த ரெண்டு விதி தெரிஞ்சாலே ஹளேபீடுங்கற ஊர் பேர் உங்களுக்கு தானா உடையும். ஹளெ பழைய, பீடு வீடு. ஹொய்சள ராஜாக்களோட தலைநகரம், 2023ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறின கோயில் இருக்கற ஊர், பேரை பிரிச்சா நம்ம பழைய வீடு. அதே மாதிரி ஓசூர், அது ஹொஸ ஊரு, அதாவது புதூர். மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளின்னு வர்ற ஹள்ளி எல்லாம் திருச்சிராப்பள்ளில இருக்கற பள்ளி. எனக்கு இது தெரிஞ்ச வாரம் பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து ஊர் ஊரா உடைச்சுக்கிட்டே வந்து இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டேன்.

மத்த விதி எல்லாம் வேகமா. ழ அங்க ள ஆயிடும், மழை மளெ, கோழி கோளி, ஏழு ஏளு. கடைசி ஐ எல்லாம் எ ஆயிடும், தலை தலெ, மனை மனெ. மெய்யில முடிஞ்சா ஒரு உ ஒட்டிக்கும், ஊர் ஊரு, கண் கண்ணு, கால் காலு, நாம பேசறப்பவே அப்படி தான சொல்றோம். நம்ம சி, செ வர்ற இடத்துல சிலதுல அங்க பழைய க அப்படியே நிக்குது, செவி கிவி, சிவப்பு கெம்பு, சேரி கேரி, மடிகேரில இருக்கற கேரி அது தான்.

எனக்கு ரொம்ப பிடிச்சது இது. எழுத்துத் தமிழ்ல இலை, குடை, விலை, புகை, நினைன்னு எழுதறோம், ஆனா வீட்ல எல, கொட, வெல, பொக, நென-ன்னு தான பேசறோம்? கன்னடத்துல எலெ, கொடெ, பெலெ, ஹொகெ, நெனெ. அதாவது உங்க பேச்சுத் தமிழ் எவ்ளோ கொச்சையா இருக்கோ அவ்ளோ கன்னடத்துக்கு பக்கம். நல்ல தமிழ் பேசணும்னு வளர்க்கப்பட்டவங்களுக்கு இங்க கொஞ்சம் கஷ்டம் தான்.

ரெண்டாவது படி: காய்கறி வண்டி

விதிய படிச்சுட்டு விட்டா மறந்துடும், தினமும் உரசணும். அதுக்கு காய்கறி வண்டிய விட நல்ல இடம் கிடையாது, பொருள் கண்ணு முன்னாடி இருக்கு, தப்பா சொன்னா கைய நீட்டிடலாம், ரெண்டு நிமிஷத்துல பேச்சு முடிஞ்சுடும், வெக்கப்படக்கூட நேரம் இருக்காது. எங்க தெருவுல காலைல எட்டு மணிக்கு ஒரு அம்மா வண்டி தள்ளிக்கிட்டு வருவாங்க, அவங்க தான் என் பள்ளிக்கூடம்.

பாருங்க, பாகற்காய் ஹாகலகாயி, பீர்க்கங்காய் ஹீரேகாயி, பலாப்பழம் ஹலஸின ஹண்ணு, இதெல்லாம் ப ஹ ஆன கேஸ். வெண்டைக்காய் பெண்டேகாயி, கறிவேப்பிலை கரிபேவு (வேம்பு பேவு ஆச்சு), பூண்டு பெள்ளுள்ளி, எங்க பாட்டி பூண்டை வெள்ளுள்ளின்னு தான் சொல்லும், அதே. வாழைப்பழம் பாளெஹண்ணு, இதுல ரெண்டு விதியும் ஒரே வார்த்தைல உக்காந்திருக்கு. பலாவை சொன்னதும் ஞாபகம் வருது, அல்சூர்னு நாம சொல்ற இடத்தோட பேர் ஹலஸூரு, அங்க பலாத் தோப்பு இருந்ததால வந்த பேர்னு சொல்வாங்க.

விதிக்கு அடங்காததை மட்டும் தனியா மனப்பாடம் பண்ணிக்கோங்க: வெங்காயம் ஈருள்ளி, கத்தரிக்காய் பதனெகாயி, கீரை ஸொப்பு, உருளைக்கிழங்கு ஆலூகட்டெ, வெள்ளரிக்காய் ஸௌதேகாயி, அரிசி அக்கி, பருப்பு பேளெ, தயிர் மொஸரு, மோர் மஜ்ஜிகெ. ஒரு வாரத்துக்கு ரெண்டு வார்த்தைன்னு வச்சாலும் போதும், ஆனா வாங்கறப்ப வாயத் திறந்து சொல்லணும், கைய காட்டி "இது அரை கிலோ"ன்னா அந்த நாள் வீண். "அர்த கேஜி பெண்டேகாயி கொடி", அவ்ளோ தான். கொடின்னா குடுங்க.

மூணாவது படி: தமிழ்ல யோசிங்க, வார்த்தைய மட்டும் மாத்துங்க

இங்கிலீஷ் வழியா கன்னடம் கத்துக்கறவங்க நனகெ பேகு-வை ரெண்டு மாசம் முழுங்கிக்கிட்டு இருப்பாங்க. நமக்கு அது எனக்கு வேணும், முடிஞ்சுது. நனகெ நீரு பேகு, எனக்கு தண்ணி வேணும். நனகெ கன்னட பரத்தெ, எனக்கு கன்னடம் வரும். மொழி "வரும்"னு சொல்ற பழக்கம் கூட ஒண்ணு தான் பாருங்க. நிமகெ உங்களுக்கு, மனெகெ வீட்டுக்கு, மனேலி வீட்டுல, மனெயிந்த வீட்டுலருந்து. நன்ன என், நிம்ம உங்க, நம்ம நம்ம.

இந்த நம்ம-வுல ஒரு சின்ன பள்ளம் இருக்கு. தமிழ்ல நாம வேற, நாங்க வேற. கன்னடத்துல ரெண்டுக்கும் நாவு ஒண்ணு தான், அதனால ஒருத்தர் "நம்ம மனெ மைஸூரல்லி"ன்னா அது எங்க வீடு மைசூர்லன்னு அர்த்தம், உங்களையும் சேத்து இல்ல. நான் ஆபீஸ்ல ஒருத்தர் "நம்ம மனேலி ஃபங்க்ஷன்"ன்னதும் கூப்பிட்டுட்டார்னு நினைச்சு என்னிக்குன்னு கேட்டுட்டேன், பாவம் அவர் அப்புறம் கூப்பிட வேண்டியதா போச்சு.

வினைச்சொல்லுக்கு மொதல்ல நாலே நாலு போதும்: மாடு (செய்), ஹோகு (போ), பா (வா), ஹேளு (சொல்லு). ஹோக்தீனி போறேன், ஹோதெ போனேன், ஹோகல்ல போக மாட்டேன். பர்தீனி, பந்தெ, பரல்ல. மாட்தீனி, மாடிதெ, மாடல்ல. அவனுக்கு ஹோக்தானெ, அவளுக்கு ஹோக்தாளெ, மரியாதைக்கு ஹோக்தாரெ, தமிழ் போறான் போறா போறாரு மாதிரியே. புத்தகத்துல மாடுத்தேனெ-ன்னு இருக்கும், அது தப்பில்ல, ஆனா மைசூர் பெங்களூர் பக்கம் வாய்ல வர்றது மாட்தீனி தான். மாடு மட்டும் நல்லா தெரிஞ்சா எந்த இங்கிலீஷ் வார்த்தையோடயும் ஒட்டிக்கலாம், போன் மாடி, வெயிட் மாடி, நாம பண்ணுங்க போடறோம்ல அதே மாதிரி. இந்த ஊரோட தேசிய கீதமே "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" தான.

பெரியவங்ககிட்ட, தெரியாதவங்ககிட்ட நீனு போடாதீங்க, நீவு. ஏவல்ல கடைசி உ-வை இ ஆக்கினா மரியாதை வந்துடும், ஹேளு ஹேளி, மாடு மாடி, கேளு கேளி. அண்ணா, அக்கா எல்லாம் அப்படியே செல்லும், பாட்டிக்கு மட்டும் அஜ்ஜி.

நாலாவது படி: தமிழ் பதிலை வாங்காதீங்க

இது தான் நிஜமான தடை. நீங்க திக்கித் திணறி கன்னடத்துல ஒரு வாக்கியம் சொன்னதும் எதிர்ல இருக்கறவர் உங்க இழுவைய கேட்டே தமிழ்ல மாறிடுவார். ஹோட்டல்காரர், ஆட்டோக்காரர், மருந்துக்கடை, எல்லாரும். கெட்ட எண்ணம் இல்ல, நமக்கு சுலபம் ஆகட்டும்னு தான். நாமளும் அப்பாடான்னு தமிழ்ல பேசிட்டு வந்துடறோம். இப்படியே நாலு வருஷம் என்ன, நாப்பது வருஷம் போயிடும், அல்சூர்ல சிவாஜிநகர்ல அப்படி வாழ்ந்தவங்களை நானே பாத்திருக்கேன்.

அதனால ஒரு அஞ்சு வாக்கியத்தை தூக்கத்துல எழுப்பினாலும் சொல்ற அளவுக்கு வச்சுக்கோங்க. "கன்னட கலீத்தா இதீனி, கன்னடதல்லே மாத்தாடி", கன்னடம் கத்துக்கிட்டு இருக்கேன், கன்னடத்துலயே பேசுங்க. "நிதானவாகி ஹேளி", நிதானமா சொல்லுங்க. "இன்னொந்து ஸல ஹேளி", இன்னொரு தடவை சொல்லுங்க. "இதக்கெ கன்னடதல்லி ஏனந்தாரெ?", இதுக்கு கன்னடத்துல என்ன சொல்வாங்க. "தப்பாதரெ ஹேளி", தப்புன்னா சொல்லுங்க. மொத வாக்கியத்தை சொன்னதும் முகம் மாறும் பாருங்க, அதுக்காகவே சொல்லலாம். எங்க வண்டிக்கார அம்மா அதுக்கப்புறம் நான் தமிழ்ல கேட்டா காதுல விழாத மாதிரி நிப்பாங்க, கன்னடத்துல கேட்டா தான் தராசை எடுப்பாங்க. கொத்தமல்லி இலவசம்.

ஆபீஸ்ல ஒரே ஒருத்தரை பிடிச்சுக்கோங்க, டீ நேரம் பத்து நிமிஷம் கன்னடம் மட்டும்னு. எல்லார்கிட்டயும் முயற்சி பண்ணா எல்லாரும் சிரிப்பாங்க, ஒருத்தர்கிட்டன்னா ஒருத்தர் தான் சிரிப்பார்.

அஞ்சாவது படி: கூட இருந்தே குழி பறிக்கற வார்த்தைங்க

முந்தின-வை சொல்லிட்டேன். மெட்ரோல "முந்தின நில்தாண"ன்னு அறிவிப்பு வந்தா அடுத்த ஸ்டேஷன், போன ஸ்டேஷன் இல்ல. பின்னாடிக்கு ஹிந்தெ (பின், ப ஹ ஆச்சு), பஸ்ல கண்டக்டர் "முந்தெ ஹோகி"ன்னா முன்னாடி போங்க.

ஆனா உடம்புல காயம் பட்டு நான் கத்துக்கிட்டது பிடி. வீடு மாறினப்ப பீரோவை நானும் மேல் வீட்டுக்காரரும் மாடிப்படில இறக்கிட்டு இருந்தோம். கீழ் முனைய அவர் தரைல வச்சுட்டு என்னைப் பாத்து "பிடி பிடி"ன்னு கத்தறார். நான் இன்னும் இறுக்கிப் பிடிச்சேன். அவர் இன்னும் சத்தமா "அய்யோ பிடி ஸார்"ங்கறார், நான் இன்னும் இறுக்க, பீரோ சாய்ஞ்சு சுவத்துக்கும் அதுக்கும் நடுவுல என் சுண்டு விரல். விடு பிடு ஆகும்னு மேல சொன்னேன்ல, மரியாதையா சொன்னா பிடி, அதாவது விடுங்க. பிடிக்கறதுக்கு அங்க ஹிடி. விதி தெரியும், ஆனா பீரோ தூக்கறப்ப விதி ஞாபகம் வராது.

மத்தது சின்னச் சின்னது. ஸாக்குன்னா போதும், பரிமாறறப்ப சொல்லணும், கோணிச் சாக்கு இல்ல. தும்பன்னா நிறைய, துன்பம் இல்ல, தும்ப தேங்க்ஸ்னு சொன்னா சந்தோஷப்படுங்க. ஹத்துன்னா பத்தும் தான், ஏறுன்னும் தான். அந்த, இந்த ரெண்டும் கொஞ்ச நாள் மண்டைய குழப்பும், "பர்தீனி அந்த ஹேள்த"ன்னா வர்றேன்னு சொன்னான், இங்க அந்த நம்ம "ன்னு". ஊரிந்த பந்தென்னா ஊர்லருந்து வந்தேன், இந்த ஊரும் இல்ல அந்த ஊரும் இல்ல. பஸ்ல இளிரின்னா இறங்குங்க, கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா பழைய தமிழ்ல இழின்னா இறங்குன்னு தான் அர்த்தம்.

நம்பர்

ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது, ஆறு, ஏளு, எண்டு, ஒம்பத்து, ஹத்து. இது ஒரு நாள் வேலை. தகராறு எப்பத்துலயும் எம்பத்துலயும் தான், மொதது 70, ரெண்டாவது 80, சந்தை சத்தத்துல ரெண்டும் ஒரே மாதிரி கேக்கும், சந்தேகம்னா நூறு ரூபாய் நோட்டை குடுத்துட்டு மீதிய எண்ணிக்கோங்க. ஒரு ஆறுதல், நம்ம தொண்ணூறு, தொள்ளாயிரம் மாதிரி கிறுக்கு அங்க இல்ல, 90 தொம்பத்து, 900 ஒம்பைநூரு.

எழுத்து

பேச்சு ஓரளவு வந்ததுக்கப்புறம் எழுத்துக்கு போங்க, மொதல்லயே போனா பயந்துடுவீங்க. ஸ்வரம் (உயிர்) 13, யோகவாஹம் (அம், அஹ) 2, வியஞ்ஜனம் (மெய்) 34, மொத்தம் 49. கஷ்டம் எண்ணிக்கை இல்ல, நம்ம ஒரு க-வுக்கு அங்க நாலு க இருக்கறது தான். இத அலட்சியமா விட்டா பேச்சுலயும் மாட்டுவீங்க. குரின்னு தமிழ்ல ஒரே மாதிரி எழுதறேன், குருவிங்கற பறவை பேர்ல வர்ற கு-வோட சொன்னா ஆடு, செம்மறி ஆடு, குரு பகவான்ல வர்ற கு-வோட சொன்னா இலக்கு. எங்க மேனேஜர்கிட்ட இந்த மாச குரி என்னன்னு கேட்டு நான் ஆட்டை கேட்ட கதை ஆபீஸ்ல இன்னும் ஓடுது.

படிக்கப் பழக புத்தகம் வேண்டாம், தெருவே இருக்கு. 2024ல வந்த சட்டத் திருத்தப்படி கடை போர்டுல 60 சதவீதம் கன்னடம் இருக்கணும், மிச்சத்துல பெரும்பாலும் அதே பேர் இங்கிலீஷ்ல இருக்கும், அதாவது ஊர் முழுக்க விடையோட கேள்வித்தாள் தொங்குது. சிக்னல்ல நிக்கறப்ப ஒரு போர்டு, அவ்ளோ தான் வீட்டுப்பாடம். பெங்களூருங்கற வார்த்தைல ஆரம்பிங்க. பெ-வுக்கு அடுத்து பூஜ்யம் மாதிரி ஒரு சின்ன வட்டம் இருக்கும், அது தான் ங், அதே வட்டம் த-வுக்கு முன்னாடி வந்தா ந், ப-வுக்கு முன்னாடி வந்தா ம். அடுத்து கர்நாடக. இங்க ர் தன் இடத்துல இருக்காது, நா-வுக்கு அப்புறம் ஒரு கொக்கி மாதிரி நிக்கும், கண்ணு மொதல்ல நா-வை படிச்சு அப்புறம் ர்-ஐ முன்னாடி தள்ளணும், பழக ஒரு வாரம் ஆகும். இரட்டை எழுத்துக்கு புள்ளி கிடையாது, ரெண்டாவது எழுத்து மொத எழுத்துக்கு கீழ குட்டியா தொங்கும், அதுக்கு ஒத்தக்ஷரம்னு பேர். கன்னடங்கற வார்த்தைலயே ன-வுக்கு கீழ ஒரு குட்டி ன தொங்கறதை பாக்கலாம்.

காதுக்கும் அகராதிக்கும்

டிடி சந்தனா சேனல் செய்தி கேளுங்க, நிதானமா சுத்தமா படிப்பாங்க, தெரு கன்னடத்துக்கு அது உதவாது ஆனா வார்த்தைங்க எங்க முடியுதுன்னு காது பழகும். அகராதிக்கு இணையத்துல அலர்னு ஒண்ணு இருக்கு, இலவசம். 1894ல மங்களூர்ல வெளிவந்த கிட்டல் பாதிரியார் அகராதியும் இணையத்துல கிடைக்குது, பல வார்த்தைக்கு பக்கத்துலயே தமிழ் சொல்லையும் குடுத்திருப்பார், எனக்கு அது கதைப் புத்தகம் மாதிரி.

ஹூப்ளி, தார்வாட் பக்கம் போனா உங்க பெங்களூர் கன்னடம் பாதி தான் செல்லும், அங்க வேகமும் ராகமும் வேற, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னாடி ஒரு ரீ வரும். மங்களூர்ல நிறைய பேருக்கு வீட்ல துளுவோ கொங்கணியோ தான், அதனால அவங்க கன்னடம் புத்தகத்துக்கு பக்கத்துல இருக்கும், புதுசா கத்துக்கறவனுக்கு அவங்க பேச்சு தான் நல்லா புரியும்.

எவ்ளோ நாள் ஆகும்னு எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு காய்கறி வண்டி ஒரு மாசம், ஆபீஸ் டீ பேச்சு ஆறு மாசம், போன்ல ஆள் முகம் தெரியாம பேசறதுக்கு ஒண்ணரை வருஷம், போர்டு படிக்க ரெண்டு மாசம், செய்தித்தாள் இன்னும் தடுமாற்றம் தான். அந்த டைலர்கிட்ட தான் இப்பவும் துணி குடுக்கறேன். நான் கன்னடத்துல கேக்கறேன், அவர் தமிழ்ல பதில் சொல்றார், ரெண்டு பேரும் விட்டுக் குடுக்கறதில்ல, பேன்ட் மட்டும் எப்பவும் முந்தின வாரம் தான்.